எத்தனை வோல்ட்டில் வைத்தால் பாதுகாப்பு?

கொல்லிமலையிலிருந்து எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் விடியுமுன் புறப்பட்டுவிடுகின்றனர். காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மூச்சிரைப்போடு பேருந்தைவிட்டு இறங்கும் முதியவர்களை எங்கள் பதிவு மேசையில் இருப்பவர்கள் முகம் பார்த்தே அறிவார்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றி, அவர் குடும்பத்தாரின் இசைவோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. மிளகுத் தோட்டத்தில் உழைத்தவர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி புகைத்து வந்தார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியதால், வீட்டிலேயே ஆக்சிஜன் செறிவூட்டி வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தி அனுப்பியிருந்தோம். ‘வீட்டில் ஆக்சிஜன் இருக்கும்போது நெருப்பு ஆகாது’ என்று நாங்கள் சொன்னதை அவர் மறக்கவில்லை, பீடியை நிறுத்திவிட்டார். அவர் படும் தவிப்பைக் கண்ட பேரன், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு மின்னணு சிகரெட்டை வாங்கி வந்து கொடுத்தார். ‘இதில் நெருப்பே இல்லை தாத்தா, வெறும் ஆவிதான்’ என்பது பேரனின் விளக்கம்.

அடுத்த பரிசோதனைக்கு உடன் வந்த மருமகள், அந்தக் கருவியை மஞ்சப்பையிலிருந்து எடுத்து எங்கள் மேசைமீது வைத்தார். “இதுல மூணு அளவு இருக்குதுங்க டாக்டர். கொறச்ச வோல்ட்டுல வெச்சா பேட்டரி ரெண்டு நாளு நிக்குதுங்க. அப்படியே கொறச்சு வெச்சுக்கிட்டா மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாமனாருக்குத் தீங்கு நேரக்கூடாது என்ற அக்கறையும், கருவியைக் கவனித்துப் பார்த்த கூர்மையும் அதில் இருந்தன. இதே கேள்வியை வேறு வடிவங்களில் இளைஞர்களிடமிருந்தும் அவர்தம் பெற்றோரிடமிருந்தும் நாங்கள் கேட்டு வருகிறோம். எனவே, அதற்கான விடையைச் சற்று விரிவாக இங்கே தருகிறோம்.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

‘வேப்’ என்று இளைஞர்கள் அழைக்கும் மின்னணு சிகரெட்டை இன்றைய வடிவில் உருவாக்கியவர் சீன மருந்தாளுநரான ஹோன் லிக். 2003ஆம் ஆண்டளவில் உருவான இக்கருவி அதன்பின் பல தோற்றங்களை எடுத்துவிட்டது. பேனாவைப் போலவும் மின்நினைவகக் குச்சியைப் போலவும் தோன்றுவன உண்டு. பள்ளிப் பையில் கிடந்தாலும் பெற்றோருக்கு அடையாளம் தெரியாது. தோற்றம் எதுவாயினும் உள்ளுறுப்புகள் நான்குதான்: ஒரு லித்தியம் அயனி பேட்டரி, மெல்லிய உலோகக் கம்பிச்சுருள், அதைச் சுற்றிய பஞ்சுத்திரி, அத்திரி உறிஞ்சும் திரவம்.

அத்திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரண்டும் பெரும்பகுதியாக இருக்கும். நிகோட்டினும் மணமூட்டிகளும் அவற்றோடு கலந்திருக்கும். வாயில் வைத்து இழுக்கும்போது அல்லது பொத்தானை அழுத்தும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து கம்பிச்சுருள் சூடேறுகிறது. திரவம் கொதித்து, மிக நுண்ணிய துளிகளாக மாறி மார்புக்குள் செல்கிறது. நீர் கொதிக்கையில் எழும் ஆவியைப் போன்றது அது என்று எண்ணுவது தவறு. நிகோட்டினையும் பிற வேதிப்பொருள்களையும் சுமந்து, நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை செல்லக்கூடிய துளிப்படலம் அது.

வோல்ட் என்னும் எண் எதைக் காட்டுகிறது?

இக்கருவிகளில் உள்ள பேட்டரி, கைப்பேசியில் உள்ள அதே வகையைச் சேர்ந்தது. முழுமையாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட், இயல்பான அளவு 3.7 வோல்ட், பயன்படுத்தப் பயன்படுத்த அது 3 வோல்ட்டை நோக்கி இறங்கும். எளிய கருவிகளில் பேட்டரி இறங்கும்போது சூடும் குறைந்துவிடும். விலை கூடிய கருவிகளில் உள்ள மின்சுற்று, பயனர் விரும்பும் அளவுக்கு வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் இடந்தருகிறது. மருமகள் குறிப்பிட்ட மூன்று அளவுகள் இத்தகையவையே.

வோல்ட்டைச் சிறிது உயர்த்தினால் சூடு சிறிதளவே உயரும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு அவ்வாறு இல்லை. கம்பிச்சுருளில் வெளிப்படும் ஆற்றல் வோல்ட்டின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒன்றரை ஓம் மின்தடை கொண்ட சுருளில் 3.3 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 7 வாட் சூடு எழும். அதே சுருளில் 5 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 17 வாட். வோல்ட் ஒன்றரை மடங்காகும்போது சூடு இரண்டேகால் மடங்குக்கு மேல் ஆகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பிச்சுருள் கருவிக்குக் கருவி வேறுபடும். ஒன்றரை ஓம் சுருளில் 3.7 வோல்ட் தருவது சுமார் 9 வாட். அரை ஓம் சுருளில் அதே 3.7 வோல்ட் தருவது 27 வாட்டுக்கு மேல். ஆகவே, ‘என் நண்பன் 3.7-இல்தான் வைக்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எழும் சூடு மும்மடங்கு வேறுபடலாம்.

பேட்டரி நீடிப்பதன் காரணமும் இதுவே. 900 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டால், 7 வாட்டில் நான்கு நொடி இழுப்புகளாகக் கணக்கிடும்போது, இழப்புகள் நீங்கலாக, ஏறத்தாழ 400 இழுப்புகளுக்குத் தாங்கும். 17 வாட்டில் 180 அளவிலேயே தீர்ந்துவிடும். குறைத்து வைத்தால் பேட்டரி இரண்டு நாள் நிற்கிறது என்று மருமகள் கண்டது முற்றிலும் சரி. பேட்டரிக்கு நன்மையானது நுரையீரலுக்கும் நன்மையாகும் என்ற அடுத்த படியில்தான் பிழை நேர்கிறது.

குறைத்து வைத்தால் தீங்கு குறையாதா?

மிகை வெப்பத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து பார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் முதலியன உருவாகின்றன. பார்மால்டிஹைடு, உடலைக் கெடாமல் பதப்படுத்தப் பயன்படும் பார்மலினின் மூலப்பொருள்; மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் உள்ளது. அக்ரோலின், சட்டியில் எண்ணெய் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் பொருள்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்று இது குறித்து அதிகம் பேசப்பட்டது. 3.3 வோல்ட்டில் பார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் அவர்களுடைய அளவீட்டில் தென்படவில்லை. 5 வோல்ட்டில் பத்து இழுப்புகளுக்குச் சராசரி 380 மைக்ரோகிராம் காணப்பட்டது. இதை எதிர்த்த ஆய்வாளர்களும் உண்டு. அந்த அளவு சூட்டில் திரி காய்ந்து கருகி, வாயில் கசப்பும் காரமும் ஏறும். எந்தப் பயனரும் அதைத் தொடர்ந்து இழுக்கமாட்டார் என்பது அவர்களின் வாதம். அதிலும் உண்மை உண்டு. ஆனால், கருகிய சுவையை உணர்ந்து நிறுத்துவது நாவின் கூர்மையைப் பொறுத்தது. ஐம்பது ஆண்டுகள் பீடி புகைத்தவரின் நாவும் மூக்கும் எத்தனை கூர்மையோடு இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் 3.3 வோல்ட் பாதுகாப்பானதா என்று கேட்கலாம். மூன்று காரணங்களால் அவ்வாறு சொல்ல இயலாது.

முதலாவது, நிகோட்டின் பழக்கம் கொண்ட உடல், தனக்கு வேண்டிய நிகோட்டின் அளவைத் தானே தேடிப் பெற்றுக்கொள்கிறது. கருவி குறைவாகத் தந்தால் இழுப்பு நீளும். இழுப்புகளின் எண்ணிக்கை கூடும். இதைப் பயனர் அறிந்து செய்வதில்லை. எங்கள் முதியவரிடம் ‘நாளுக்கு எத்தனை முறை?’ என்று கேட்டோம். பீடிக்கு எண்ணிக்கை உண்டு, கட்டு தீர்ந்ததும் தெரிந்துவிடும். இதற்கு எண்ணிக்கை இல்லை என்றார். பீடி ஒன்று எரிந்து முடியும். இக்கருவிக்கு முடிவு பேட்டரி தீர்வது மட்டுமே.

இரண்டாவது, சூட்டைக் குறைப்பதால் நிகோட்டின் மறைந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் இருத்தல் கூடாது என்பது விதி. வேறு சந்தைகளில் 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டவையும் விற்பனைக்கு வந்துள்ளன. நம் நாட்டில் மறைவாகக் கைமாறும் கருவியில் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்த ஆய்வகமும் சோதித்துச் சான்றளிப்பதில்லை. நிகோட்டின் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. நுரையீரல் நோயால் ஏற்கெனவே களைத்துள்ள இதயத்துக்கு அது கூடுதல் சுமை.

மூன்றாவது, வோல்ட்டோடு தொடர்பில்லாத தீங்குகளும் உண்டு. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகிய உலோகங்கள் துளிப்படலத்தில் கலப்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் காட்டியது. அன்னாசி, பலா, ஏலக்காய் என்று நம் மலையில் விளையும் எல்லாவற்றின் மணத்தையும் திரவத்தில் சேர்க்க இயலும். உண்பதற்கு ஏற்ற மணமூட்டி, மூச்சோடு உள்ளிழுப்பதற்கும் ஏற்றது என்று கொள்ள முடியாது. வயிற்றுக்கு உள்ள செரிமானப் பாதுகாப்பு நுரையீரலுக்கு இல்லை.

2019-இல் அமெரிக்காவில் நடந்தது நமக்கு ஒரு பாடம். மின்னணு சிகரெட் பயன்படுத்தியவர்கள் கடும் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப்பொருளே முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கடைக்கு வெளியே, தெரிந்தவர் மூலமாக வாங்கியவர்கள். நம் நாட்டில் இக்கருவியை வாங்கும் எல்லோரும் அவ்வாறே வாங்குகின்றனர்.

பேட்டரியால் வரும் ஆபத்து

லித்தியம் அயனி பேட்டரி, சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலை அடக்கியது. அதன் உட்புறத் தடுப்புப் படலம் சேதமுற்றாலோ இரு முனைகளும் உலோகத்தால் இணைந்துவிட்டாலோ அவ்வாற்றல் சில நொடிகளில் வெளிப்படும். கைப்பேசியின் தட்டையான பேட்டரி பெரும்பாலும் உப்பி எரியும். இக்கருவியின் உருளை வடிவப் பேட்டரி, உள்ளே அழுத்தம் ஏறும்போது ஒரு முனை வழியே பீறிட்டுப் பாயக்கூடியது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை நடந்த 195 தீ மற்றும் வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றுள் 61 நிகழ்வுகள் கருவியோ உதிரிப் பேட்டரியோ சட்டைப்பையில் இருந்தபோது நடந்தவை. 60 வாயில் வைத்துப் புகைத்தபோது நடந்தவை. 48 சார்ஜ் ஏறும்போது நடந்தவை. 133 பேர் காயமுற்றனர். அவர்களுள் 38 பேருக்குக் கடும் காயம். பின்னர் 2018-இல் புளோரிடாவிலும் 2019-இல் டெக்சாசிலும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. சட்டைப்பையில் சாவியோடும் சில்லறைக் காசோடும் கிடக்கும் உதிரிப் பேட்டரி, பொருத்தமற்ற சார்ஜர், இரவு முழுதும் தலைமாட்டில் சார்ஜ் ஏற்றுதல், கீழே விழுந்து நசுங்கிய கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துதல் ஆகியவை தவிர்க்க வேண்டியவற்றில் முதன்மையானவை.

எங்கள் முதியவரின் வீட்டில் இந்த ஆபத்து பன்மடங்கு. ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. எரியும் எதையும் மூர்க்கமாக எரியவைக்கும். ஆக்சிஜன் எடுத்துக்கொள்பவரின் மீசையிலும் துண்டிலும் போர்வையிலும் அது தங்கியிருக்கும். மூக்குக்குழாய் மாட்டியபடி, 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும் கம்பிச்சுருளை முகத்தருகே கொண்டுவருவது, பீடி பற்றவைப்பதற்கு நிகரான ஆபத்து. ‘நெருப்பில்லை’ என்ற பேரனின் சொல்லில் தீய எண்ணம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் சுடர் இல்லை என்பதைத்தான் அவர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சூட்டைப் பற்றி நாங்களும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, வீட்டில் ஆக்சிஜன் வைப்போருக்கு நாங்கள் தரும் அறிவுரைத் தாளில் பீடி, சிகரெட், விறகடுப்பு, விளக்கு ஆகியவற்றோடு மின்னணு சிகரெட்டையும் சேர்த்துவிட்டோம். அடுப்பும் விளக்கும் ஆக்சிஜன் இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது பத்தடி தள்ளியிருக்க வேண்டும். மின்னணு சிகரெட் அந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது.

‘இங்கிலாந்தில் மருத்துவர்களே சொல்கிறார்களாமே?’

இக்கேள்வியைப் படித்த இளைஞர்கள் கேட்கின்றனர். உண்மைதான். அங்கே புகைப்பழக்கத்தை விடுவதற்கான வழிகளுள் ஒன்றாக மின்னணு சிகரெட்டையும் மருத்துவர்கள் கருதுகின்றனர். 2019-இல் வெளிவந்த ஆய்வொன்றில், புகைப்பதை விட விரும்பிய 886 பேரில் ஒரு பகுதியினருக்கு மின்னணு சிகரெட்டும் மற்றவர்களுக்கு நிகோட்டின் மாற்று மருந்துகளும் தரப்பட்டன. இரு சாராருக்கும் வாராந்தர ஆலோசனையும் உண்டு. ஓராண்டுக்குப் பின், முதல் பிரிவில் 18 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டிருந்தனர்.

இந்த முடிவை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முழுவதும் படிக்க வேண்டும். அவ்வாறு விட்டவர்களுள் மின்னணு சிகரெட் பிரிவில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் அக்கருவியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். மாற்று மருந்துப் பிரிவில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. மேலும், அங்கே நிகோட்டின் அளவுக்கும் திரவத்தின் அளவுக்கும் சட்ட வரம்பு உண்டு. இங்கே அத்தகைய வரம்பும் இல்லை, கருவிக்கு உத்தரவாதமும் இல்லை. இருபது ஆண்டுகளைச் சற்றே கடந்த ஒரு பழக்கத்தின் விளைவை, இருபது முப்பது ஆண்டுகளில் முற்றும் நுரையீரல் நோயோடு இப்போதே முழுமையாக ஒப்பிட்டுவிட முடியாது.

நம் நாட்டில் சட்டம் தெளிவாக உள்ளது. தமிழ்நாடு அரசு 2018-இலேயே தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. மின்னணு சிகரெட்டைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரப்படுத்துவதும் குற்றம். முதன்முறை குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இருப்பு வைத்திருப்பதற்கும் ஆறு மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

சட்டத்தைச் சொல்லும்போது ஓர் உறுதியையும் சேர்த்துச் சொல்கிறோம். நீங்கள் எங்களிடம் சொல்வது மருத்துவக் குறிப்பாக மட்டுமே இருக்கும். வேப் பயன்படுத்துவதை மறைத்ததால், சாதாரணச் சளி என்றெண்ணி மருத்துவம் தாமதமாவதே எங்களுக்குப் பெருங்கவலை. மூச்சுத்திணறலோடு வரும் இளைஞரிடம் பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் இக்கேள்வியைக் கேட்கிறோம். பெற்றோர் அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

அளவு தெரிந்த மருந்து

அன்று மருமகளிடம் நாங்கள் சொன்ன விடை இதுதான்: “வோல்ட்டு கருவியோட சூட்டுக்கான அளவும்மா, மாமாவுக்கு வேணுங்கிறது மருந்தோட அளவு.” நிகோட்டின் மெல்லுகட்டி 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்றும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை 21, 14, 7 மில்லிகிராம் என்றும் அளவிட்டே கிடைக்கின்றன. இவற்றில் புகையும் இல்லை, சூடும் இல்லை, பேட்டரியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இலும், நம் நாடு 2022-இலும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் நிகோட்டின் மாற்று மருந்தைச் சேர்த்துள்ளன. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக்கூடாது.

பட்டையும் மெல்லுகட்டியும் சேர்த்துத் தந்தோம். பட்டை ஒழுங்காக வேலை செய்தது. மெல்லுகட்டி பயனில்லை என்று முதல் வாரத்திலேயே தொலைபேசியில் சொன்னார். விசாரித்தபோது இரண்டு பிழைகள் தெரிந்தன. வெற்றிலையைப் போல விடாமல் மென்று சாற்றை விழுங்கியிருக்கிறார். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தன. காலையில் எழுந்ததும் வரக்காப்பியோடு சேர்த்தே மென்றிருக்கிறார். காப்பியின் அமிலத்தன்மை வாயில் நிகோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும்.

சரியான முறை எளியது. மெல்லுகட்டியை மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். நாவில் மிளகு போன்ற சுருக்கென்ற காரம் தோன்றியதும் மெல்லுவதை நிறுத்தி, புகையிலையை அடக்குவதுபோலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவையுங்கள். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்லுங்கள். அரைமணி நேரம் இவ்வாறு செய்த பின் துப்பிவிடலாம். காப்பி, தேநீர், எலுமிச்சைச்சாறு ஆகியவற்றைக் குடித்துக் கால்மணி நேரம் கழித்தே மெல்லுகட்டியை வாயில் போட வேண்டும். எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைக்கும் பழக்கம் உடையவருக்கு 4 மில்லிகிராம் ஏற்றது. பட்டையை நாள்தோறும் இடம் மாற்றி, முடியில்லாத உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும்.

மருந்தோடு பேச்சுத்துணையும் வேண்டும். சிகரெட் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண், தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண்ணாகும். எங்கள் ஆலோசகர்களும் தொலைபேசியில் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் மலையிறங்கி வர வேண்டியதில்லை.

வீட்டில் கருவி இருந்தால்

அதை அடுப்பிலோ குப்பையோடு சேர்த்தோ எரிக்காதீர்கள். லித்தியம் பேட்டரி வெடிக்கும். ஓடையிலோ தோட்டத்திலோ எறியாதீர்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதன் இரு முனைகளிலும் ஒட்டுநாடா ஒட்டி, உலோகப் பொருள்களிலிருந்து விலக்கி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். பரிசோதனைக்கு வரும்போது எங்களிடமும் தரலாம்.

திரவத்தைக் குழந்தைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். இனிய மணத்தால் ஈர்க்கப்பட்டுக் குடித்துவிட்டால், சிறிதளவும் நஞ்சாகும். வாந்தி, வியர்வை, வெளிறிய முகம், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 108-ஐ அழையுங்கள். புட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள்.

பேட்டரி வெடித்துத் தீக்காயம் பட்டால், ஒட்டிக்கொள்ளாத துணியை அகற்றி, ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், மாவு, மை எதையும் தடவாதீர்கள். காயம் சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். பேட்டரியின் வேதிப்பொருள் தோலுக்கு அடியிலும் அரிக்கக்கூடியது.

வேப் பயன்படுத்தியவருக்கு இருமல், மார்பு வலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்த மருமகள் இப்போது பேட்டரிக் கணக்கை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறார். அவர்கள் வீட்டு ஆக்சிஜன் செறிவூட்டி சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வர்ட்டர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருந்தாலும், இழப்புகள் போக மூன்று மணி நேர அளவே நம்பலாம் என்று சொல்லியிருந்தோம். மழைக்காலத்தில் மின்தடை அதற்கு மேலும் நீளும் என்பதால், ஒரு உருளையை நிரப்பி வைத்து, அதன் அளவுமானியை வாரந்தோறும் பார்த்துக் குறித்துவருகிறார். பிற குடும்பத்தாரும் பின்பற்றத்தக்க வழக்கம் இது.

முதியவர் முழு வெற்றி பெற்றார் என்று எழுத ஆசைதான். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேடு சென்றவர், பழைய தோழர்களோடு உட்கார்ந்து இரண்டு பீடி புகைத்துவிட்டார். மறுநாள் அவரே அழைத்து, “தப்புப் பண்ணிட்டேனுங்க” என்றார். பட்டையைத் தொடரச் சொன்னோம். ஒருமுறை வழுக்கியதால் ஏறிய தொலைவு வீணாகிவிடாது என்பதை மலைவாழ் மக்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அதன்பின் அவர் புகைக்கவில்லை. பேரனின் கருவி எங்கள் மின்கழிவுப் பெட்டியில் இருக்கிறது. பேரனும் அடுத்த விடுமுறையில் தாத்தாவோடு வந்து எங்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.